குளம் இல்லாத வீட்டில் கோழியும் வாத்தும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஐந்து சென்ட் மனையில் வீடு. பின்னால் ஒன்றரை சென்ட் காலி இடம், அதில் ஒரு வேப்பமரம், ஒரு முருங்கை. போர் தண்ணீர் உண்டு. பத்து நாட்டுக்கோழியும் நாலைந்து வாத்தும் வளர்க்க ஆசை. குளம் இல்லாமல் வாத்து இருக்குமா, இரண்டையும் ஒரே கூட்டில் அடைக்கலாமா, சீக்கு வந்தால் என்ன செய்வது, செலவுக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வளர்க்கலாம். பகலில் இரண்டும் ஒரே இடத்தில் திரியட்டும். இரவுக் கூடு தனி, தண்ணீர் தனி. இந்த இரண்டில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள். வாத்தைத் தட்டை மூக்குக் கோழி என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் கூண்டை விற்கிறார்கள். நம் பக்கம் கோழியைக் கொல்வது பெரும்பாலும் சீக்கு, வாத்தைக் கொல்வது பெரும்பாலும் தீவனம். கவனத்தை எங்கே வைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் தண்ணீர், ஏனென்றால் தகராறு அங்கேதான் தொடங்குகிறது. வாத்து தீவனம் எடுப்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வாய் தவிட்டை அள்ளும், நேராகத் தண்ணீர்ச் சட்டிக்கு ஓடும், மூக்கை முக்கி அலசும், தலையை உதறும், திரும்பத் தவிட்டுக்கு வரும். அதற்கு எச்சில் போதாது, உலர்ந்த தீவனம் தொண்டையில் அடைக்கும், அதனால்தான் இந்த ஓட்டம். அரை மணி நேரத்தில் சட்டித் தண்ணீர் கஞ்சியாகிவிடும், சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சேறு. அந்தக் கஞ்சியைக் கோழிக்குஞ்சு குடித்து, அந்தச் சேற்றில் மிதித்துத் திரிந்தால் அடுத்தது ரத்தக் கழிச்சல். அந்தக் கிருமி ஈரத்தில்தான் முதிர்ந்து பரவும். தரை காய்ந்திருந்தால் பாதிக் கவலை போச்சு.

இதற்கு ஒரு எளிய ஏற்பாடு உண்டு. ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, அதன் மேல் ஒரு பலகை போட்டு, கோழிக்கான மண்சட்டியை அதில் வையுங்கள். கோழி தாவி ஏறிக் குடிக்கும். கனத்த உடம்புள்ள வாத்து பெரும்பாலும் ஏறாது. வாத்துக்குத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு அகலச் சட்டி. அதன் அடியிலும் சுற்றிலும் இரண்டு அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி பரப்பி, வழியும் தண்ணீர் வாழைக்கோ தென்னைக்கோ போகிற மாதிரி வாய்க்கால் கீறிவிடுங்கள். எச்சம் கலந்த அந்தத் தண்ணீரைக் குடித்த வாழை எப்படி நிற்கிறது என்று பார்த்தால் வாத்தின் மேல் உள்ள கோபம் பாதி குறைந்துவிடும்.

அப்படியானால் குளம்? தேவையில்லை. நீந்தினால் அதற்குச் சந்தோஷம், அவ்வளவுதான். கட்டாயம் வேண்டியது தலை முழுவதும் முங்குகிற ஆழம், அதாவது ஆறேழு அங்குலம். கண்ணையும் மூக்குத் துளையையும் அது தண்ணீரில் முக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும். முடியாவிட்டால் கண் ஒட்டிக்கொண்டு புண்ணாகும். கொத்தனார் சாந்து குழைக்கும் பெரிய பிளாஸ்டிக் சட்டி ஒன்று போதும். தினமும் மாற்ற வேண்டும், வெயில் காலத்தில் இரண்டு தடவை. போர் தண்ணீருக்கே பஞ்சம் வருகிற தெரு என்றால் வாத்து எண்ணத்தையே விட்டுவிடுங்கள் என்பேன். குஞ்சுக்கு மட்டும் இந்த ஆழம் ஆகாது. தாய் வாத்துடன் இருக்கும் குஞ்சுக்குத் தாயின் இறகு எண்ணெய் ஒட்டும். பெட்டியில் வளர்கிற குஞ்சுக்கு அது கிடைக்காது, நனைந்து குளிர்ந்து விறைத்துவிடும். ஒரு மாதம் வரை ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத்தான் தண்ணீர் வைக்க வேண்டும்.

பக்கத்துக் கண்மாயில் விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தண்ணீர் நிறைந்து கிடக்கும் கார்த்திகை, மார்கழியில் விட்டால் நத்தையும் புழுவும் தின்று கொழுக்கும். பங்குனி, சித்திரையில் வற்றிப்போய், ஓரத்தில் மீன் செத்துக் கிடக்கிற குட்டையில் விடாதீர்கள். அழுகியதில் உண்டாகும் நஞ்சைத் தின்ற வாத்துக்குக் கழுத்து நரம்பு தளர்ந்து தலை தொங்கிவிடும். பிறகு பிழைப்பது அரிது. அறுவடை முடிந்த வயலில் வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் பட்டி போட்டு மேய்ப்பார்களே, அந்தப் பட்டியோடும் உங்கள் நாலு வாத்தைக் கலக்க விட வேண்டாம். ஊர் ஊராக வருகிற மந்தையோடு என்னென்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

கூடு விஷயம். கோழிக்கு இரவில் ஏறி உட்காரக் கட்டை வேண்டும், வாத்துக்குத் தரை வேண்டும். ஒரே கூட்டில் அடைத்தால் மேலிருந்து கோழி கழிக்க, கீழே வாத்து அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போதாததற்கு வாத்தின் மூச்சும் எச்சமும் சேர்ந்து கூட்டுக்குள் ஒரே ஈரம். விடிகாலையில் திறந்தால் கண் எரிகிற நெடி அடிக்கும். அந்தக் காற்றில் இருக்கும் கோழிக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும்? தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கோழிக்கூடு கட்டி, அடியில் கிடக்கும் இடத்தில் வாத்தை விட்டுவிடலாம் என்று ஆசாரி யோசனை சொல்வார். இடம் மிச்சம் என்று தலையாட்டிவிடாதீர்கள். வாத்துக்குப் பக்கத்திலேயே தனியாக மூன்றடி உயரக் கொட்டகை போதும். ஒரு வாத்துக்கு மூன்று சதுர அடி, கோழிக்கு இரண்டு சதுர அடி என்று வைத்துக்கொண்டால் நெரிசல் இருக்காது. வாத்துத் தரையில் வைக்கோலோ உமியோ தடிமனாகப் போட்டு, நனைந்ததை அள்ளி உரக்குழியில் கொட்டுங்கள்.

கூட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். அப்போதுதான் மதுரை வெயில் உள்ளே நுழையாது. வலை வாங்கும்போது அறுகோணக் கண் உள்ள கோழிவலையை வாங்காமல் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு, கீரியை வெளியே வைக்க உதவாது. கீரிக்கும் பெருச்சாளிக்கும் பயந்தால் வலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்க வேண்டும். பகலில் குஞ்சுக்குப் பருந்தும் காக்கையும் எமன்கள். முதல் ஒரு மாதம் தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது நம் வீடுகளில் இருந்த வழக்கம்தான். அதைவிட நல்ல யோசனையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

எந்த இனம்? முட்டைக்கும் வீட்டுக் குழம்புக்கும் என்றால் சிறுவிடை. சின்ன உடம்பு, சுறுசுறுப்பு, நன்றாக அடை காக்கும். பெருவிடையும் அசிலும் பார்க்கக் கம்பீரம், ஆனால் முட்டை குறைவு, சேவல்கள் அடித்துக்கொள்ளும். கருங்கோழியை விலைக்காக வாங்காதீர்கள், அடை காக்கிற குணமும் அதற்குக் குறைவு. முட்டை மட்டும்தான் குறி என்றால் கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனம் இருக்கிறது. வருஷத்துக்கு இருநூறை ஒட்டி இடும். சிறுவிடை 60 முதல் 80 வரைதான். ஆனால் மேம்படுத்திய இனத்தில் பெரும்பாலானவை அடை உட்காராது, குஞ்சுக்கு ஒவ்வொரு தடவையும் பண்ணைக்குப் போக வேண்டும். என் யோசனை, ஏழு சிறுவிடைப் பெட்டை, ஒரு சேவல், கூட இரண்டு கிராமப்பிரியா. சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் விடிகாலைக் கூவலுக்கு முகம் சுளிக்கிறவர்கள் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

வாத்தில் காக்கி கேம்பல் முட்டைக்குப் பேர்போனது. நல்ல தீவனத்தில் வருஷத்துக்கு 250-ஐத் தாண்டும், ஆனால் பெட்டைகள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். மணிலா வாத்து கத்தாது, சீறும். முட்டை குறைவு, ஆனால் தானே அடை உட்கார்ந்து பொரிக்கும், அதற்கு 35 நாள். மற்ற வாத்துகளுக்கு 28, கோழிக்கு 21. ஆண் பெண் பார்த்து வாங்கத் தெரிந்துகொள்ளுங்கள். வளர்ந்த ஆண் வாத்தின் வாலில் இரண்டு மூன்று இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், மணிலாவில் மட்டும் அது இருக்காது. கத்தினால் பெண்ணுக்குக் கணீரென்று குரல் வரும், ஆணுக்குத் தொண்டை கட்டியது மாதிரி வரும். ஐந்து பெட்டைக்கு ஒரு ஆண் போதும். நாலு வாத்தில் இரண்டு ஆண் வந்துவிட்டால் அவை கோழிகளின் மேல் ஏற ஆரம்பிக்கும். வாத்தின் உடலமைப்பு வேறு என்பதால் பெட்டைக்கோழிக்கு உள்காயம் பட்டுச் சாகவும் கூடும். உபரி ஆணைத் தயங்காமல் குழம்புக்கு அனுப்பிவிட வேண்டும்.

வாங்கும் இடம்: திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் கோழி மலிவாகக் கிடைக்கும், சீக்கும் இலவசமாகக் கிடைக்கும். சந்தையில் வாங்கியதை மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக் கோழியோடு சேர்க்க வேண்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பச்சை, ரோஸ் என்று சாயம் பூசி விற்கிறார்களே, அவை முட்டைப் பண்ணைகள் கழித்துவிட்ட ஆண்குஞ்சுகள். பிள்ளைகள் அழுதால் வாங்கிக் கொடுங்கள், மந்தையில் சேர்க்காதீர்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்கள் ஒத்தக்கடையிலேயே வேளாண் கல்லூரி வளாகம். கோழி வளர்ப்புப் பயிற்சி எப்போது, குஞ்சு எங்கே வாங்கலாம் என்று இந்த இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

இனி தீவனம். ஒன்றரை சென்டில் பத்துக் கோழியை விட்டால் ஒரு மாதத்தில் புல் பூண்டு இருக்காது, தரை மொட்டையாகிவிடும். ஆகவே மேய்ச்சலிலேயே வளர்ந்துவிடும் என்ற கணக்கு உங்கள் இடத்துக்குப் பொருந்தாது. முழுக்க நீங்கள்தான் போட வேண்டும் என்றால் வளர்ந்த கோழிக்கு நாளுக்கு 100 கிராம் போல ஆகும், வாத்துக்கு 150-ஐத் தாண்டும். கோழிக்கு வீட்டில் கலப்பதானால் பத்துக் கிலோவுக்கு இப்படிப் போடலாம்: கம்பு அல்லது உடைத்த மக்காச்சோளம் நாலரை, அரிசிக் குருணை ஒன்று, தவிடு இரண்டு, புண்ணாக்கு ஒன்றரை, உப்பில்லாத கருவாட்டுத் தூள் முக்கால், தாது உப்புக் கலவை கால். கருவாடு உப்பு ஏறியதாக இருந்தால் குஞ்சு செத்துப்போகும், அதனால் 'உப்பில்லாதது' என்று கேட்டு வாங்குங்கள். முட்டையிடும் பெட்டைக்குத் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் நொறுக்கியதை வைத்தால் தேவைப்பட்டதைத் தானே கொத்திக்கொள்ளும்.

குஞ்சுக்குச் செலவில்லாத புரதம் கரையான். உடைந்த பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, கொஞ்சம் வைக்கோல் திணித்துத் தண்ணீர் தெளித்து, செம்மண் பாங்கான இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் விடிந்ததும் நிமிர்த்தினால் சாக்கு முழுக்கக் கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளின் நடுவே உதறினால் இரண்டு நிமிஷத்தில் ஒன்று மிஞ்சாது. மழை ஈரம் இருக்கும்போது நிறையக் கிடைக்கும், கோடையில் குறையும். வீட்டு நிலைக்கதவுப் பக்கம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். தொட்டி கட்ட இடமிருந்தால் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியும் வளர்க்கலாம், வாத்துக்கு அது அல்வா.

வாத்தைக் கொல்வது தீவனம் என்றேன் அல்லவா? அதற்கு வருகிறேன். நிலக்கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் பட்டால் பூஞ்சணம் பூக்கும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்குப் பெயர் அஃப்ளாடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்து விழுந்து, காரணம் தேடிப் போனபோது, இறக்குமதியான கடலைப் புண்ணாக்கில் கண்டுபிடித்ததுதான் இது. வாத்துக்குஞ்சின் ஈரல் இதற்கு எவ்வளவு நோஞ்சான் என்றால், தீவனத்தில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் வாத்துக்குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழி தின்று ஒன்றும் ஆகாமல் திரிகிற மூட்டையே வாத்தைச் சாய்த்துவிடும். இரை எடுக்காது, நொண்டும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விழும். எல்லோரும் சீக்கு என்று நினைத்து ஊசிக்கு ஓடுவார்கள், மூட்டையை முகர்ந்து பார்க்க மாட்டார்கள். வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. அதனால் வாத்துக்குக் கடலைப் புண்ணாக்கே வேண்டாம் என்பது என் கட்சி. அரிசிக் குருணை, தவிடு, சோயாப் புண்ணாக்கு, நத்தை, கீரைத் தண்டு போதும். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் வையுங்கள், ஐப்பசி மழையில் பதினைந்து நாளுக்கு மேல் தீவனம் வாங்கிச் சேர்க்காதீர்கள். தண்ணீரில் பிசைந்து போட்ட தீவனத்தில் மிஞ்சியதை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும்.

வாத்துக்குஞ்சு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கோழிக்குஞ்சைவிட அதற்கு நியாசின் என்ற வைட்டமின் அதிகம் வேண்டும். வெறும் குருணையும் சோறும் போட்டு வளர்த்தால் மூன்றாம் வாரத்தில் கால் வளைந்து முட்டிபோட்டு நகரும். தவிடும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும் சேர்ந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. கடையில் வாங்கும் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்கு மருந்து கலந்திருக்கலாம். வாத்து அளவில்லாமல் தின்பதால் மருந்தும் கூடுதலாக உள்ளே போகும். மருந்து கலக்காத தீவனம் என்று கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் செய்தித்தாள் விரிக்காதீர்கள், வழுக்கிக் கால் விரிந்துவிடும், சாக்கு போடுங்கள்.

கோழிச் சீக்கில் உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்றுதான்: வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட் என்பார்கள். மாசி தொடங்கி வைகாசி வரை நம் பக்கம் ஊர் ஊராகப் போகும். இன்று காலை இறகை உப்பி நிற்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கும், மறுநாள் சாயங்காலத்துக்குள் பாதி மந்தை காலி. வந்த பிறகு மருந்து கிடையாது. சீரகம், மிளகு, பூண்டு, கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, தெம்பு கொடுக்கலாம். தடுப்பு மருந்துக்கு மாற்று என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரத்தில் மறுபடி சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் தோலுக்கடியில் ஊசி. இது அடிப்படை. இடையில் போடும் மற்ற மருந்துகளை உங்கள் கால்நடை மருந்தகத்தில் சொல்லும் அட்டவணைப்படி போட்டுக்கொள்ளலாம். அரசு மருந்தகங்களில் கழிச்சலுக்குத் தடுப்பூசி இலவசம், பல ஊர்களில் சனிக்கிழமை போடுவார்கள். வருஷா வருஷம் பிப்ரவரியை ஒட்டி முகாமும் நடக்கும். சின்ன மந்தைக்காரருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மருந்துக் குப்பி குறைந்தது நூறு கோழிக்கு என்றுதான் வரும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்கு ஒரு குப்பியை உடைக்க யாருக்கும் மனம் வராது. தெருவில் கோழி வைத்திருக்கும் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போட்டுவிடுங்கள். அவர்கள் கோழிக்குச் சீக்கு வராமல் இருப்பது உங்கள் கோழிக்கும் காப்பு. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் வைத்து வெயிலில் பைக்கில் கொண்டுவந்த மருந்தைப் போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று. ஏற்கெனவே சோர்ந்து நிற்கும் கோழிக்கு ஊசி போடக் கூடாது.

வாத்துக்கு ராணிக்கெட் பெரும்பாலும் வெளியே தெரியாது, ஆனால் கிருமியைச் சுமந்து கோழிக்குக் கொடுக்கும். சேர்த்து வளர்க்கிறவர்கள் கோழித் தடுப்பூசியைத் தவறவே விடக் கூடாது என்பது இதனால்தான். வாத்துக்கென்று பிளேக், காலரா இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு, மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். கோழியும் வாத்தும் காரணம் தெரியாமல் சேர்ந்து மடிந்தால் உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கேரளத்துக் குட்டநாட்டு வாத்துகளில் 2014-இலிருந்து பறவைக் காய்ச்சல் அவ்வப்போது வந்துகொண்டிருக்கிறது, அந்த எல்லை நமக்கு ரொம்ப தூரம் இல்லை. செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். மிச்சத்தைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிற பழக்கத்தால்தான் சீக்கு ஊரைச் சுற்றுகிறது.

அம்மை கொசுவால் வரும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் கிளம்பும். வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி அரைத்துப் பூசினால் வளர்ந்த கோழி பெரும்பாலும் தேறிவிடும். கண் மூடிக்கொண்ட குஞ்சுக்குக் கையால் ஊட்ட வேண்டியிருக்கும். பேனுக்கும் தெள்ளுக்கும் ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கொட்டி வைத்தால் அவையே புரண்டு குளித்துக்கொள்ளும்.

அக்கினி நட்சத்திரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். மதுரையில் நாற்பது டிகிரி தொடுகிற மத்தியானத்தில் தகரக் கூரைக்கடியில் அடைபட்ட கோழி சாயங்காலம் வரை தாங்காது. கூரை மேல் தென்னங்கீற்று போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தீவனத்தை விடிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள், மத்தியானம் தின்றால் செரிக்கும் சூடும் சேர்ந்துகொள்ளும். மண்சட்டியில் நிழலில் தண்ணீர், கொஞ்சம் நீர்மோர். மூச்சிரைக்கும் கோழியின் முட்டை ஓடு மெலிசாவது இயல்பு, அது சீக்கு இல்லை. அந்த வேப்பமரத்தை எக்காரணம் கொண்டும் கழிக்காதீர்கள்.

அடை வைப்பதில் நம் பாட்டிமார்களுக்குத் தெரியாதது எதுவும் புதிதாக இல்லை. கூடையில் மணலும் வைக்கோலும், ஒன்பதோ பதினொன்றோ முட்டை, பேன் ஏறாமல் நொச்சி இலை. இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று கரித்துண்டும் இரும்பாணியும் போடுவார்கள். அதனால் முட்டைக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, அம்மா போட்டால் போடட்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிலந்திக் கால் மாதிரி நரம்பு ஓடியிருக்கும். ஓடாததை எடுத்துவிடுங்கள், வெடித்தால் கூடையே நாறும். காக்கி கேம்பல் அடை உட்காராது என்பதால் அதன் முட்டையைக் கோழிக்குத்தான் வைக்க வேண்டும். ஒரு சிறுவிடைக்கு ஆறு வாத்து முட்டைக்கு மேல் மூடாது. 28 நாள் என்பதால் அப்போதுதான் அடைக்கு வந்த கோழியைத் தேர்ந்தெடுங்கள், ஏற்கெனவே பத்து நாள் உட்கார்ந்தது பாதியில் எழுந்து போய்விடும். கடைசி வாரத்தில் தினமும் முட்டை மேல் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்க வேண்டும். கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் கலந்து வைப்பவர்கள் உண்டு. வாத்து முட்டையை வைத்து ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேர்த்தால் எல்லாம் ஒரே நாளில் பொரிக்கும், கணக்கு சரிதான். ஆனால் வாத்துக்குஞ்சு கூடையையும் தண்ணீரையும் நனைத்துக் கோழிக்குஞ்சைக் குளிரில் நடுங்க வைக்கும். எனக்கு அந்த முறையில் விருப்பமில்லை.

வாத்து முட்டை காணவில்லை என்று புகார் சொல்கிறவர்கள் அதிகாலையில் திறந்துவிடுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். கோழி பகலில் கொக்கரித்து ஊரைக் கூட்டி இடும். வாத்து விடியலுக்கு முன்னும் பின்னும் சத்தமில்லாமல், நின்ற இடத்தில் இட்டுவிட்டுப் போகும். ஒன்பது மணிக்குத் திறந்தால் ஏறக்குறைய எல்லா முட்டையும் கொட்டகைக்குள்ளேயே கிடக்கும். சேறு பட்ட முட்டையை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள், நன்றாக வேகவைத்துத்தான் தின்ன வேண்டும், அரைவேக்காடு வேண்டாம்.

கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: நாட்டுக்கோழி முட்டை விற்று லாபம் வராது. ஏழு சிறுவிடை வருஷம் முழுக்க இடுகிற ஐந்நூறை ஒட்டிய முட்டையில் ஒரு பங்கு அடைக்குப் போகும், மிச்சம் வீட்டுக்கே சரியாக இருக்கும். காசு பார்ப்பது உயிர்க்கோழியில், ஆடியிலும் தீபாவளிக்கும் சேவலைக் கேட்டு வருவார்கள். வாத்து முட்டையை மூலத்துக்கு நல்லதென்று தேடி வாங்குகிறவர்கள் உண்டு, மருத்துவப் பலனுக்கு நான் பொறுப்பில்லை, நிலையான வாடிக்கை கிடைக்கும். தீவனச் செலவில் பாதிக்கு மேல் திரும்பினாலே உங்கள் இடத்துக்கு அது நல்ல கணக்கு.

எப்போது தொடங்கலாம்? பங்குனியில் ஆசைப்பட்டுக் குஞ்சு வாங்காதீர்கள், வெயிலும் கழிச்சலும் ஒன்றாக வந்து விழும். ஆவணியில் வாங்கினால் ஐப்பசி மழைக்குள் இறகு முளைத்து, மூன்று தவணை மருந்தும் முடிந்திருக்கும். மாசி, பங்குனியில் முதல் முட்டை. வாத்தைக் கோழியோடு சேர்த்து அதே வாரத்தில் வாங்க வேண்டாம். கோழி, கூடு, தண்ணீர் எல்லாம் கைக்குப் பழகிய பிறகு, மழை முடிந்து தை மாதத்தில் மூன்று பெட்டையும் ஒரு ஆணுமாக வாங்குங்கள். ஒற்றை வாத்தாக வாங்கினால் நாள் முழுக்கக் கத்தியே உங்களை வீட்டை விட்டுத் துரத்திவிடும்.